தோட்டத்து வீட்டுக்கு ஒரு டிரையர் பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது காய், பழம், கீரை காய வைக்க வீட்டிலேயே செய்யும் ஒரே ஒரு பெட்டியைப் பற்றி. பகலில் சூரிய வெப்பம், இரவிலும் மழை நாளிலும் 500 வாட் ஹீட்டர், எந்நேரமும் ஓடும் இரண்டு சின்ன ஃபேன். ஓர் ஈட்டுக்கு நறுக்கிய காயோ பழமோ 5 முதல் 6 கிலோ, உருவிய கீரை என்றால் 2 கிலோ பிடிக்கும். ஆசாரி ஒருவர் கூட இருந்தால் இரண்டு மூன்று நாள் வேலை. கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்தப் பெட்டிக்கு மட்டுமானவை. பெட்டியைப் பெரிதாக்கினால் ஹீட்டர், ஃபேன், காற்று வழி எல்லாமே மாறும்.

மொட்டை மாடியும் வெயிலும் இருக்கும்போது பெட்டி எதற்கு?

சித்திரை, வைகாசியில் கூழ் வடகம் போடவும், உப்பில் ஊறிய மாங்காயை வற்றல் ஆக்கவும் பெட்டி வேண்டாம். மாடியும் பழைய வேட்டியும் போதும். பெட்டி வேறு மூன்று காரியத்துக்கு.

ஒன்று, கீரை. முருங்கைக்கீரையை நேர் வெயிலில் போட்டால் இரண்டு மணி நேரத்தில் பச்சை வெளுத்து வைக்கோல் நிறமாகிவிடும். நிறத்தோடு கரோட்டினும் போகிறது. நிழலில் விரித்தால் நிறம் நிற்கும். ஆனால் ஈரக்காற்று நாளில் காய்வதற்குள் வாடை வந்துவிடும். இரண்டு, தக்காளி, வாழைப்பழம் மாதிரி தண்ணீர் அதிகமுள்ள சரக்கு. ஒரு பகலில் காயாது. ராத்திரி உள்ளே எடுத்து வைத்தால் பாதிக் காய்ந்தது திரும்ப நமுத்துப்போகும். மூன்று, பருவம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான் முருங்கை தளதளவென்று தழைக்கும். அப்போது வெயிலைத் தேட வேண்டியிருக்கும்.

நல்ல சூடு கொடுத்தால் சீக்கிரம் காயும் அல்லவா?

பெட்டி செய்கிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். சூடு காய வைப்பதில்லை; காற்றுதான் காய வைக்கிறது. சூடு காற்றுக்குத் தாகத்தை உண்டாக்குகிறது, அவ்வளவே. 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று ஏற்கெனவே முக்கால் வயிறு நிறைந்த காற்று. அதையே 55 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்தக் காற்றில் தண்ணீர்ச் சொட்டு ஒன்றும் குறையவில்லை. தாங்கும் சக்தி மட்டும் ஏறியிருக்கிறது. காய்க்குள்ளிருந்து தண்ணீரை வாங்கிக்கொண்ட பிறகு அது வெளியே போயாக வேண்டும். வழி அடைத்த பெட்டியில் 60 டிகிரி வைத்தாலும் நடப்பது ஆவியில் வேக வைப்பதுதான். கதவைத் திறந்ததும் முகத்தில் ஆவி அடித்தால், உள்பலகையில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், வெளிவழி போதவில்லை என்று அர்த்தம்.

வெயில் மட்டும் போதாதா? ஹீட்டர் வேண்டுமா?

கணக்கைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டரில் தெளிவான நாளில் விழும் சூரிய சக்தி சுமார் 5 யூனிட். வெயிலில் காற்றைச் சூடாக்க நாம் செய்யும் சூடேற்றித் தட்டின் பரப்பு 1.08 சதுர மீட்டர். அதில் பாதியைக் காற்றுக்குக் கடத்தினால் 2.7 யூனிட். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏட்டுக் கணக்குப்படி 0.67 யூனிட் போதும். பெட்டியின் சுவர் வழியாகவும் வெளியேறும் காற்றோடும் போகும் இழப்பைச் சேர்த்தால் நடைமுறையில் 1.3 முதல் 1.5 யூனிட் ஆகும். ஆக, ஒரு பகலுக்கு இரண்டு கிலோ தண்ணீர்.

6 கிலோ தக்காளியில் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. வெயிலை மட்டும் நம்பினால் மூன்று நாள். முதல் ராத்திரியே ஈரத் தக்காளி புளித்துப்போகும். அதனால்தான் ஹீட்டர். கீரை மட்டுமே காய வைப்பவர்களுக்கு, அதுவும் ஐப்பசியை ஒதுக்கிவிடுகிறவர்களுக்கு, ஹீட்டர் இல்லாமலே காரியம் ஆகும்.

பெட்டியின் மரவேலை எப்படி?

12 மி.மீ. பிடபிள்யூபி (கொதிநீரையும் தாங்கும்) தர ப்ளைவுட், எட்டுக்கு நாலு அடி, ஒரு ஷீட். 244 × 122 செ.மீ. உள்ள அந்த ஷீட்டை நீளவாக்கில் 60 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டையாக அறுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் 90, 90, 60 என்று மூன்று துண்டு. மொத்தம் 60 × 90 அளவில் நாலு, 60 × 60 அளவில் இரண்டு. நாலில் இரண்டு பக்கப்பலகை, ஒன்று முதுகு, ஒன்று கதவு. சதுரம் இரண்டும் மேலுக்கும் அடிக்கும். வாள் தின்பது போகக் கழிவு என்று ஒன்றுமே மிஞ்சாது.

பக்கப்பலகைகள் வெளியே, மற்றவை அவற்றுக்கு நடுவே. மேல், அடிப்பலகைகளின் ஆழத்தில் 1.2 செ.மீ. சீவிவிட்டால் முதுகுப்பலகை உள்ளே சரியாக உட்காரும். உள் அகலம் 60, உள் ஆழம் 58.8 செ.மீ. கிடைக்கும். கீழே 20 செ.மீ. ஹீட்டர் அறைக்கு விடுங்கள். அதற்கு மேல் 9 செ.மீ. இடைவெளியில் பக்கத்துக்கு ஆறு ரீப்பர் சட்டம், தட்டு சறுக்கி உட்கார. மேலே மிஞ்சும் 13 செ.மீ. காற்று சேர்ந்து வெளியேற.

முதுகின் அடியில், அந்த 20 செ.மீ. அறைக்கு நேராக, 50 × 10 செ.மீ. துளை: சூடான காற்று நுழைய. கதவின் உச்சியில் 40 × 8 செ.மீ. துளை: ஈரக்காற்று வெளியேற. இரண்டாவதற்கு ஒரு சறுக்குப் பலகை வையுங்கள், திறப்பைக் கூட்டிக் குறைக்க வேண்டிவரும். இரண்டு துளைக்கும் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வலை. கண் ஒரு மி.மீ.க்கு மேல் போனால் பழ ஈ நுழைந்துவிடும்.

மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டும் எம்டிஎஃப்பும் வேண்டாம். ஈர ஆவியில் ஊதிப் பொருக்கு விடும். சூட்டில் பசையின் ஃபார்மால்டிஹைடு வாடை உணவில் ஏறும். பெட்டிக்கு உள்ளே பெயிண்ட், வார்னிஷ் எதுவும் அடிக்காதீர்கள். வெளியே என்ன வேண்டுமானாலும் அடியுங்கள். சுவரின் வெளிப்பக்கம் 25 மி.மீ. தெர்மகோல் ஒட்டி மேலே மெல்லிய தகரம் போர்த்தினால் மின்சாரம் கண்கூடாகக் குறையும். தெர்மகோலை உள்ளே, ஹீட்டர் பக்கம், கொண்டுபோகவே கூடாது.

தட்டுக்கு என்ன வலை போடுவது?

எஸ்எஸ் 304 வலை. விலை உறைக்கத்தான் செய்யும். ஆனால் சிக்கனத்துக்கு இடம் இதுவல்ல. ஜிஐ வலையின் துத்தநாகப் பூச்சை உப்பும் புளிப்பும் கரைக்கும். மோர் மிளகாயை ஒரு தடவை ஜிஐ வலையில் வைத்தால் மறுநாள் வலையில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அதே துத்தநாகம் மிளகாயிலும் இருக்கும். அலுமினியமும் தக்காளிக்கும் மாங்காய்க்கும் ஆகாது. ஜன்னலுக்கு அடிக்கும் பிளாஸ்டிக் கொசுவலை உணவுக்கானது அல்ல. கையில் காசு குறைவென்றால் மூங்கில் தப்பையை நெருக்கமாகக் கட்டிய தட்டி போட்டு, மேலே வெள்ளைப் பருத்தித் துணி விரிக்கலாம். துணி காற்றைக் கொஞ்சம் மறிக்கும், நேரம் கூடும்.

தட்டின் அளவு 59 × 52 செ.மீ. ஆழத்தில் கிட்டத்தட்ட 7 செ.மீ. குறைத்திருப்பது தெரிந்தேதான். முதல் தட்டை முதுகோடு ஒட்டி வையுங்கள், அடுத்ததைக் கதவோடு ஒட்டி, அதற்கடுத்தது மறுபடி முதுகோடு. காற்று நேராகக் கூரைக்கு ஓடாமல் பாம்பு போல வளைந்து ஒவ்வொரு தட்டையும் தடவிக்கொண்டு போகும்.

சூடேற்றித் தட்டை எப்படிச் செய்வது?

60 செ.மீ. அகலம், 180 செ.மீ. நீளம், 12 செ.மீ. உயரத்தில் ஒரு தட்டைப் பெட்டி. அடிக்கு 6 மி.மீ. ப்ளைவுட். அடியிலிருந்து 5 செ.மீ. மேலே நெளித் தகரம், மேல்முகம் மட்டும் மினுமினுப்பில்லாத கறுப்பு. பள்ளிக்கூடக் கரும்பலகைக்கு அடிக்கும் பெயிண்ட் சரியாக இருக்கும். அதற்கு மேல் 4, 5 செ.மீ. இடைவெளி விட்டு 6 மி.மீ. பாலிகார்பனேட் ஷீட். கடையில் வரும்போது ஒரு பக்கம் எழுத்துள்ள ஃபிலிம் ஒட்டியிருக்கும். அந்தப் பக்கம்தான் புற ஊதாக் கதிரைத் தாங்குவது, அது வானத்தைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் இரண்டு மூன்று கோடையில் மஞ்சளாகி நொறுங்கும். 200 மைக்ரான் பசுமைக்குடில் ஷீட் மலிவு, இரண்டு மூன்று வருடம் வரும். சாதாரண பாலிதீன் ஒரு கோடையைத் தாண்டாது.

காற்று தகரத்துக்கு அடியில்தான் ஓட வேண்டும். மேல் இடைவெளி மூடிய அறை. அது சூடு தப்பாமல் காக்கும் போர்வை. மேலேயும் காற்றை விட்டால் தூசி உள்ளே படிந்து ஷீட் மங்கும், கழுவவும் வழியிருக்காது.

தமிழ்நாடு 8 முதல் 13½ டிகிரி வடக்கில் இருப்பதால் சாய்வு 11, 12 டிகிரி போதும் என்று புத்தகக் கணக்கு சொல்லும். நாம் 20 டிகிரி வைக்கிறோம். தை, மாசியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது அது கூடுதல் வெயில் பிடிக்கும், மழைத்தண்ணீர் நிற்காமல் வழியும், சூடான காற்று தானாகவே மேலேறும். 180 செ.மீ. நீளத்துக்கு 20 டிகிரி என்றால் ஒரு முனை மற்றதைவிட 62 செ.மீ. உயரம். கீழ்முனை தரையிலிருந்து 30 செ.மீ., மேல்முனை 92. பெட்டியை 85 செ.மீ. கால்களில் நிறுத்தினால் இரண்டும் பொருந்தும், தட்டு மாற்றக் குனியவும் வேண்டாம். சூடேற்றி தெற்கே நீளும், கதவு வடக்கே திறக்கும்.

ஃபேன் எங்கே, எவ்வளவு பெரிது?

கம்ப்யூட்டருக்குப் போடும் 12 வோல்ட், 120 மி.மீ. ஃபேன் இரண்டு. பால் பேரிங் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். சூடேற்றியின் கீழ்முனையில் சின்ன முகப்புப் பெட்டி கட்டி, அதில் பொருத்திக் காற்றை உள்ளே தள்ளச் செய்யுங்கள். பலரும் மேலே, வெளிவழியில் வைத்து உறிஞ்ச விடுவார்கள். அங்கே சூடும் ஈரமும் சேர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். கதவிடுக்கு வழியாகத் தூசியையும் சூடேறாத காற்றையும் இழுக்கும். தள்ளும் ஃபேனுக்கு இந்த இரண்டும் இல்லை.

பெரிய ஃபேன் வேண்டாம். 500 வாட் சூட்டை வைத்துக்கொண்டு காற்றை 25 டிகிரி ஏற்ற வேண்டுமென்றால், இழப்பே இல்லாவிட்டாலும், மணிக்கு 65 கன மீட்டருக்கு மேல் ஓட்ட முடியாது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிவிட்டு "சூடு 38-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது" என்று ஹீட்டரைக் குறை சொல்வது வழக்கமாக நடப்பது.

பகலில் ஃபேனை 20 வாட் சோலார் பேனலில் ஓட்டலாம். வெயில் ஏறினால் ஃபேன் வேகமாகும், மேகம் வந்தால் மெதுவாகும். தனியாகக் கட்டுப்பாடு வேண்டாம். ஆனால் நேரடியாக இணைக்காதீர்கள். 12 வோல்ட் பேனல் என்று விற்பது சுமையில்லாதபோது 21 வோல்ட் வரை கொடுக்கும். ஃபேன் சில வாரம் ஓடிவிட்டுக் கருகும். நடுவில் வோல்ட்டைக் குறைக்கும் எல்எம்2596 மாடியூல் ஒன்று வைத்து, ஃபேனை இணைக்கும் முன்பே மல்டிமீட்டரால் 12 வோல்ட்டுக்குத் திருகி வையுங்கள். இரவுக்கு 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். இரண்டுக்கும் நடுவே ஒரு டூவே சுவிட்ச்.

ஹீட்டரையும் கன்ட்ரோலரையும் எப்படி இணைப்பது?

500 வாட் ஃபின் ஹீட்டர் ஒன்று, அடியறையின் நடுவில், பலகையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் இரும்புப் பட்டையில். அடிப்பலகை மேல் ஒரு ஜிஐ தகரம். ஹீட்டருக்கு மேல் 7, 8 செ.மீ. தள்ளி ஓர் எஸ்எஸ் தகடு, சுற்றிலும் வழிவிட்டு. தக்காளிச் சாறு ஹீட்டரில் சொட்டினால் புகையும் கருகல் வாடையும் ஆறு தட்டுக்கும் ஏறும். அந்தத் தகடு அதைத் தடுக்கும்.

வெயில் காற்று முதலில் சூடேற்றி வழியாக வந்து, பிறகு ஹீட்டரைத் தாண்டுகிறது. ஆகவே பகல், இரவு என்று கதவு மாற்றும் வேலையே இல்லை. வெயில் நன்றாக இருந்தால் கன்ட்ரோலர் ஹீட்டரைத் தானே நிறுத்திவைக்கும்.

கன்ட்ரோலருக்கு எஸ்டிசி-1000, 220 வோல்ட் மாடல். பின்னால் எட்டு முனை. 1, 2 மின்சாரம்; 3, 4 சென்சார்; 5, 6 ஹீட்டிங்; 7, 8 கூலிங். 5, 6 வெறும் சுவிட்ச் மட்டுமே, அதில் மின்சாரம் வராது. ஹீட்டரை 5, 6-லேயே மாட்டிவிட்டு "டிஸ்ப்ளே எரிகிறது, ஹீட்டர் எரியவில்லை" என்று கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. 1-லிருந்து ஃபேஸை ஒரு துண்டு ஒயரால் 5-க்குக் கொண்டுபோங்கள், 6-லிருந்து ஹீட்டர், ஹீட்டரின் மறுமுனை நியூட்ரலுக்கு. கன்ட்ரோலரின் செட்டிங்கில், எஃப்1-ல் வேண்டிய டிகிரி; எஃப்2-ல், எத்தனை டிகிரி இறங்கினால் ஹீட்டர் மறுபடி ஓட வேண்டும் என்பது, 2. சென்சாரைக் கரையும் பனிக்கட்டி நீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பாருங்கள். தப்பினால் எஃப்4-ல் திருத்துங்கள்.

சென்சாரின் இடம் முக்கியம். முதல் தட்டுக்கு நேர் கீழே, ஹீட்டரின் கதிர் நேரடியாகப் படாத இடத்தில் தொங்க வேண்டும். உச்சியில் வைத்தால் என்ன ஆகும்? ஈரம் வாங்கிய காற்று அங்கே 38, 40 டிகிரியில் இருக்கும். கன்ட்ரோலர் 55 வரவில்லை என்று ஹீட்டரை விடாமல் ஓட்டும். அடித்தட்டு வெந்துபோகும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஹீட்டர் ஃபேஸில் 80 டிகிரியில் அறுபடும் கேஎஸ்டி301 தெர்மல் கட்-அவுட் ஒன்று. ஃபேன் நின்றுவிட்டால் காப்பாற்றப்போவது அதுதான். அடியறைக்குள் சூடு தாங்கும் சிலிக்கோன் ஒயர். ஹீட்டர் உடலுக்கும் தகடுகளுக்கும் எர்த். மொத்த இணைப்புக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு தெரிந்ததும் இணைப்பை அறுக்கும் சுவிட்ச்). மின்வேலை தெரியாதவர் இந்தப் பகுதியை எலக்ட்ரீசியனிடம் விடுங்கள். இலவச பம்புசெட் இணைப்பிலிருந்து இழுக்காதீர்கள். அது வேறு கட்டணப் பிரிவு.

குண்டு பல்பு போட்டால் ஆகாதா?

ஆகும். 100 வாட் பல்பு ஐந்து, பீங்கான் ஹோல்டரில். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். வெளிச்சம் கீரையின் நிறத்தைக் கெடுக்கும் என்பதால் மேலே சொன்ன எஸ்எஸ் தகடு இதற்கும் கட்டாயம். எல்இடி பல்பில் காய வைக்கும் அளவுக்குச் சூடு வராது.

முதல் தடவை ஓட்டும்போது என்ன பார்க்க வேண்டும்?

இரண்டு பகல் வெறும் பெட்டியை 65 டிகிரியில் ஓட்டுங்கள். கறுப்பு பெயிண்ட், ப்ளைவுட் பசை, வலையின் எண்ணெய் எல்லாவற்றின் வாடையும் அப்போதே போகட்டும். பிறகு ஓர் ஊதுபத்தியைக் கதவிடுக்கிலும் மூலைகளிலும் காட்டுங்கள். புகை வெளியே தள்ளப்படும் இடத்தில் கசிவு இருக்கிறது. வெளிவழியில் காட்டினால் புகை சீராக ஓட வேண்டும்.

எதை எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம்?

நேரம் எல்லாம் தோராயம்தான். துண்டின் கனமும் அன்றைய காற்றும் மாற்றிவிடும்.

முருங்கைக்கீரை: காம்பு நீக்கி உருவி, இரண்டு தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி நீரை எடுத்துவிட்டு, தட்டுக்கு 300 முதல் 350 கிராம். 50 டிகிரியில் 4 முதல் 6 மணி நேரம். அதற்கு மேல் திணித்தால் அடியில் இருப்பது கறுத்து ஒட்டிக்கொள்ளும். கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி 45 டிகிரியில். வாசனை எண்ணெய்தான் அவற்றின் உயிர். சூடு ஏறினால் பெட்டியைச் சுற்றி மணக்கும், பாட்டிலில் மணக்காது.

தக்காளி: 7 மி.மீ. வட்டம், முதல் இரண்டு மணி நேரம் 50 டிகிரி, பிறகு 58. முழு ஈட்டுக்கு 14 முதல் 16 மணி நேரம், ஹீட்டரில் மட்டும் ஓடினால் சுமார் 8 யூனிட். நாட்டுத் தக்காளியைவிடச் சதைப்பற்றுள்ள நீள ரகம் லாபம். நாட்டுத் தக்காளியில் சாறும் விதையும் வழிந்து வலையில் ஒட்டும்.

வாழைப்பழம்: கற்பூரவள்ளி, பூவன், நேந்திரன். தோலில் புள்ளி விழ ஆரம்பித்த பதம். கனிந்து குழைந்தது வேண்டாம். நீளவாக்கில் இரண்டாகவோ 6 மி.மீ. வட்டமாகவோ நறுக்கி, எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் சமபாகம் கலந்ததில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் கறுக்காது. 57 டிகிரி. வட்டம் 10 முதல் 12 மணி நேரம், இரண்டாகப் பிளந்தது ஒன்றரை நாள். திருச்சி மாவட்டம் தொட்டியம் பக்கம் சூரிய உலர்த்தியில் காய்ந்த வாழைப்பழம் தொழிலாகவே நடக்கிறது.

கொத்தவரை, பாகல், கத்தரி வற்றல்: உப்புத் தண்ணீரில் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, 55 டிகிரி, 8 முதல் 10 மணி நேரம். சுண்டைக்காயும் மணத்தக்காளியும் இரவு மோரில் ஊற, பகலில் காய என்று மூன்று நாலு சுற்று போகும். அந்தச் சுற்றுகளை மாடியிலேயே வைத்துக்கொண்டு, மழை வந்தால் மட்டும் பெட்டிக்குள் தள்ளுங்கள். மோர் மிளகாய்க்கும் இதே. வெங்காய வடகம் பெட்டிக்கு வேண்டவே வேண்டாம். வெயிலில் மெல்லப் புளித்துக் காய்வதில்தான் அதன் வாசனையே இருக்கிறது. தவிர அந்த வாடை ப்ளைவுட்டில் ஏறினால் அடுத்த பத்து ஈட்டு வாழைப்பழமும் வடகமாகத்தான் மணக்கும்.

எந்தச் சரக்கானாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அடித்தட்டையும் மேல்தட்டையும் மாற்றி, முன்னது பின்னதாகத் திருப்பி வையுங்கள்.

காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கையை நம்பலாம், தராசை இன்னும் நம்பலாம். ஈடு ஏற்றும் முன் எடை போடுங்கள். தக்காளியில் 94 சதவீதம் தண்ணீர் என்றால் 6 கிலோவில் உலர்சத்து 360 கிராம். 10 சதவீத ஈரத்தில் நிறுத்த வேண்டுமானால் 360-ஐ 0.9-ஆல் வகுங்கள்: 400 கிராம். தட்டுகளை இறக்கி எடை போடும்போது 550 காட்டினால், கைக்கு எவ்வளவு காய்ந்ததாகத் தோன்றினாலும் இன்னும் வேலை இருக்கிறது.

கைப்பதம்: கீரை உள்ளங்கையில் கசக்கினால் பொடியாக வேண்டும், காம்பு சடக்கென்று ஒடிய வேண்டும். தக்காளி தோல்போல வளைந்து, கிழித்தால் உள்ளே ஈரம் மின்னக் கூடாது. வாழைப்பழம் இரண்டு துண்டை அழுத்தினால் ஒட்டக் கூடாது. சூடாக இருக்கும்போது எதுவும் மெத்தென்றே தெரியும். ஒரு துண்டை ஆறவிட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகு ஒரு வேலை உண்டு, பெரும்பாலோர் விட்டுவிடுவது. ஆறியதைக் கண்ணாடி ஜாடியில் முக்கால் வரை போட்டு மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். ஒரு துண்டில் மிஞ்சிய ஈரம் மற்றதோடு பரவிச் சமமாகும். ஜாடிச் சுவரில் பனித்தால் மறுபடி பெட்டிக்கு. பூசணம் பூத்த ஒரு துண்டு தெரிந்தாலும் ஜாடி முழுவதும் குப்பைக்கு; பூத்ததை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளாதீர்கள். மிளகாயிலும் கடலையிலும் வரும் அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு வறுத்தாலும் பொரித்தாலும் முழுதாகப் போகாது.

வெளியே முறுகல், உள்ளே ஈரம். ஏன்?

தொடக்கத்திலேயே 65, 70 என்று ஏற்றிவிட்டீர்கள். மேல்தோல் காய்ந்து இறுகிக் கதவடைத்துவிட்டது. உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. இப்படி ஆனதை இன்னும் சூடாக்கிப் பயனில்லை. நிறுத்தி, ஓர் இரவு மூடிய பாத்திரத்தில் வைத்தால் உள்ஈரம் தோலுக்கு வரும். மறுநாள் 50-ல் தொடருங்கள்.

மற்ற வழக்கமான கோளாறுகள்?

அடித்தட்டு காய்ந்து மேல்தட்டு சொதசொத என்று இருந்தால் தட்டுகளின் வளைவழி தவறியிருக்கும், அல்லது அளவுக்கு மிஞ்சி ஏற்றியிருப்பீர்கள். பாதி ஈட்டில் மின்சாரம் போனால் வெளிவழியை மூடாதீர்கள். முதல் சில மணி நேரத்துச் சரக்கு என்றால் தட்டுகளை வெளியே எடுத்துச் சாதாரண ஃபேன் காற்றில் வையுங்கள். கடைசி இரண்டு மணி நேரத்தில் வெளிவழியைப் பாதி மூடலாம், அப்போது ஈரம் குறைவு, சூடு மிச்சமாகும். எறும்புக்குப் பழைய வைத்தியமே: நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

மீன், இறைச்சி காய வைக்கலாமா?

இந்தப் பெட்டியில் வேண்டாம். 55, 60 டிகிரியில் மெல்லக் காயும் இறைச்சியில் கிருமி சாகாமல் வறட்சிக்குப் பழகிவிடும். காய வைக்கும் முன்பே இறைச்சியை 71 டிகிரி வரை சூடாக்க வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் பரிந்துரை. கருவாடு உப்பின் பலத்தில் நிற்பது; அதன் வாடை ப்ளைவுட்டை விட்டுப் போகாது.

விற்கலாமா?

சின்ன அளவில் விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். பாக்கெட்டில் தேதி, எடை, ஈட்டு எண் போடுங்கள். தொடர்ந்து விற்கிறவர்கள் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தடவையாவது உணவு ஆய்வகத்தில் ஈரப்பதமும் நீர்ச்செயல்பாடும் (கிருமியும் பூஞ்சையும் பயன்படுத்தக்கூடிய தண்ணீரின் அளவுகோல்) பார்த்துவிடுவது நல்லது, நீர்ச்செயல்பாடு 0.6-க்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது.

மொத்தச் செலவு?

ஆசாரி கூலி நீங்கலாகப் பத்தாயிரத்தை ஒட்டி வரும். ப்ளைவுட்டும் எஸ்எஸ் வலையும்தான் பாதியைத் தின்பவை.

பழைய ஃபிரிட்ஜ் கூட்டை வைத்துச் செய்யலாமா?

சூடு காக்கும் சுவர் ஏற்கெனவே இருக்கிறது, கதவும் இறுக மூடும், யோசனை மோசமில்லை. ஆனால் குளிரூட்டும் வாயுவை மெக்கானிக்கை வைத்து முறையாக எடுத்த பிறகே குழாயில் கை வைக்க வேண்டும். உள்சுவர் பிளாஸ்டிக், ஹீட்டர் அருகில் இளகும்; கீழ்ப்பகுதி முழுக்க எஸ்எஸ் தகடு அடிக்க வேண்டும். அடியிலும் உச்சியிலும் மேலே சொன்ன அளவுக்குத் துளை போட்டால்தான் அது டிரையர். துளை போட மனமில்லாமல் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து ஓட்டினால், காற்று கிட்டத்தில் உள்ள இடுக்கு வழியாகவே வெளியேறி, மேல்தட்டுகள் இரண்டு நாளானாலும் ஈரமாகவே கிடக்கும்.